முதலில் ரிவியின் முதுகைப் பாருங்கள்

மாசி கழிந்தால் என் கடை மேசையில் பேனை வைக்கவும் இடம் இருக்காது. காலபோக நெல்லை விற்ற காசில் புது ரிவி வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வீதியில் ஒரு பக்கம். போன வருடத்து நெல் விற்று வாங்கியதைச் சுமந்துகொண்டு என்னிடம் வருகிறவர்கள் மறுபக்கம். இந்த இரண்டாவது கூட்டம்தான் எனக்குச் சோறு போடுகிறது. இருந்தாலும் சொல்கிறேன்: வாங்கும்போது இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால், அவர்களில் பாதிப்பேர் என் படி ஏறியிருக்க மாட்டார்கள்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், தருமபுரம் தாண்டியதும் என் கடை. றைஸ் குக்கர், மின்விசிறி, நீர்ப்பம்பி என்று எது வந்தாலும் பார்ப்பேன்; கைராசி ரிவியில்தான். வன்னியில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவைப் பேசவைத்த பொடியன்களில் நானும் ஒருவன். கார் பற்றரி ஒன்று கிடைத்துவிட்ட இரவில், 14 இஞ்சிக் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் அரை ஊர் குந்தியிருக்கும். படம் தெளிவில்லை என்று யாரும் முறைப்பட்டதாக ஞாபகம் இல்லை.

இந்தப் பங்குனியில் விசுவமடுவிலிருந்து ஓர் ஐயா 43 இஞ்சி ரிவியைப் படுக்கை விரிப்பில் சுற்றி முச்சக்கரவண்டியில் கொண்டுவந்தார். "சத்தம் வருகிறது தம்பி, படம்தான் இல்லை" என்றார். கடையின் முன்கதவைச் சாத்தி இருட்டாக்கிவிட்டு, டோர்ச் விளக்கைத் திரையோடு ஒட்டிச் சரித்துப் பிடித்தேன். மங்கலாக, நீருக்கடியில் இருப்பதுபோல, செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் தெரிந்தது. "பிள்ளை உள்ளேதான் இருக்கிறாள் ஐயா, விளக்குத்தான் அணைந்துவிட்டது."

பெரும்பாலான தட்டைத்திரை ரிவிகளின் கண்ணாடி தானாக ஒளிராது. அதற்குப் பின்னால் சட்டம் சட்டமாகச் சின்ன எல்.ஈ.டி. பல்புகள் ஒட்டியிருக்கும். கோயில் திருவிழாவில் கட்டும் வர்ண பல்பு மாலை மாதிரித்தான். ஒன்று கருகினால் மொத்த வரிசையும் போய்விடும். மலிவான ரிவிகள் சிலவற்றில் இந்த பல்புகளைத் தாங்கும் அளவின் விளிம்பில் எரியவிடுகிறார்கள். கடையில் பளிச்சென்று தெரியவேண்டுமே! ஐயாவின் ரிவிக்கு வயது பதினைந்து மாதம். கட்டவேண்டிய தவணை இன்னும் ஒன்பது.

ஆகவே என் ஆலோசனை இதுதான்: முன்பக்கத்தைக் காட்டித்தான் விற்பார்கள், நீங்கள் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஆனால் கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. அளவுநாடாவை எடுத்து, நீங்கள் வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்து ரிவி வைக்கப்போகும் சுவர் வரை அளந்துபாருங்கள். வீட்டுத்திட்ட வீடுகளின் ஹோலில் அது ஆறு, ஏழு அடிக்கு மேல் போவது அருமை. அந்தத் தூரத்துக்கு 32 இஞ்சி போதும். எட்டு, ஒன்பது அடி இருந்தால் 43ஐப் பற்றி யோசிக்கலாம். இஞ்சிக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது என்பதையும் மறக்கவேண்டாம். 32 இஞ்சித் திரையின் அகலம் ஏறக்குறைய 71 சென்ரிமீற்றர், 43 இஞ்சிக்கு 95. அலுமாரியின் நடுத்தட்டுக்குள் 43 இறங்காது என்பதை ரிவி வீட்டுக்கு வந்தபிறகு கண்டுபிடித்து, தச்சரைக் கூப்பிட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது தெளிவு, அதாவது படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளிகள் திரையில் எத்தனை என்பது. பெட்டியில் மூன்று வகை எழுத்து இருக்கும். எச்.டி. ரெடி என்றால் பெரும்பாலும் குறுக்காக 1366 புள்ளி, நெடுக்காக 768. ஃபுல் எச்.டி. என்றால் 1920க்கு 1080. 4கே என்றால் 3840க்கு 2160. சில 32 இஞ்சிப் பெட்டிகளில் '4கே சப்போர்ட்' என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். 4கே வீடியோவைப் போட்டால் அந்த ரிவி ஓட்டும் என்பதுதான் அதன் பொருள். திரை அதே 1366தான். எனவே 'திரையின் புள்ளி எத்தனை?' என்று நேராகக் கேளுங்கள். என்னைக் கேட்டால், 32 இஞ்சிக்கு எச்.டி. ரெடி போதும், ஃபுல் எச்.டி. சிறிய வித்தியாசத்தில் கிடைத்தால் விடவேண்டாம். 43 இஞ்சியில் ஃபுல் எச்.டி.க்குக் கீழே இறங்கவேண்டாம். 4கேக்குக் கூடுதல் காசு கொடுக்குமுன் ரிவிக்குள் என்ன வரப்போகிறது என்று பாருங்கள்.

உடையார்கட்டில் ஓர் ஆசிரியை 4கே ரிவி வாங்கி, "பழைய குண்டு ரிவியைவிட மோசமாகத் தெரிகிறது" என்று என்னைக் கூப்பிட்டார். போய்ப் பின்னால் எட்டிப்பார்த்தேன். டிஷ் பெட்டியிலிருந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று வயர். அந்த மஞ்சள் வயரில் எச்.டி. வரவே வராது, பழைய கால 576 வரிப் படம்தான் வரும். அதை 2160 வரிக்கு இழுத்துக் காட்டினால் ரொட்டி மாவை ஊர் அகலத்துக்குத் தட்டியதுபோலத்தான் இருக்கும். அவருடைய டிஷ் பெட்டியும் பழைய ரகம். எச்.டி. பெட்டிக்கு மாறி, படத்தையும் சத்தத்தையும் சேர்த்துக் கொண்டுவரும் எச்.டி.எம்.ஐ. வயர் ஒன்று போட்டபிறகுதான் அவர் முகம் தெளிந்தது. டிஷ் பெட்டியை மாற்றும் செலவையும் ரிவியின் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் 4கேக்குக் கொடுக்கும் காசு வீண்.

இணையத்தில் பார்ப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். நெட்ஃபிளிக்ஸ் ஃபுல் எச்.டி.க்கு நொடிக்கு 5 மெகாபிட் வேகமும் 4கேக்கு 15 மெகாபிட்டும் கேட்கிறது. தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு யூடியூப் பார்க்கிற வீட்டில், எச்.டி. ஒரு மணிநேரம் ஓடினாலே டேட்டா ஒரு ஜிபிக்கு மேல் கரைந்துவிடும். இணையத்தோடு இணையும் ஸ்மார்ட் ரிவி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மலிவான ஸ்மார்ட் ரிவியில் முதலில் கிழடாவது அந்த 'ஸ்மார்ட்'தான். கூகுளின் அங்கீகாரம் இல்லாத அன்ட்ரொய்ட்டைப் போட்டு, ஒரே ஒரு ஜிபி றாம் நினைவகத்தோடு விற்கிறவை இருக்கின்றன. இரண்டு வருடத்தில் யூடியூப் திறக்குமுன் தேநீர் ஊற்றிக் குடித்துவிடலாம். கடையிலேயே வைபையில் இணைத்து, யூடியூப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் சாதாரண ரிவியை எடுத்து, தேவைப்படும்போது அதே வேலையைச் செய்யும், வெளியே செருகும் ஸ்டிக் ஒன்றை வாங்குவது மேல். அது பழுதானால் அதை மட்டும் எறியலாம்.

இனி முதுகு. ரிவியைத் திருப்பச் சொல்ல வெட்கப்படவேண்டாம். காசு உங்களுடையது.

பின்னால் ஒரு சிறிய ஸ்ரிக்கர் இருக்கும். அதில் வோல்ற்றேஜ் எழுதியிருக்கும். 100 முதல் 240 வரை என்றிருந்தால் நிம்மதி. எங்கள் பக்கம் சொல்லுக்குத்தான் 230. உள்ளொழுங்கையில், லைனின் கடைசிக் கம்பத்து வீடுகளில், தோட்டத்து மோட்டர்கள் ஓடும் பின்னேரங்களில் 180க்கும் கீழே என் மீற்றரே காட்டியிருக்கிறது. 220 முதல் 240 வரை என்று மட்டும் போட்டிருந்தால் அந்த வீட்டுக்கு அது சரிவராது. அதே ஸ்ரிக்கரில் வாற்ஸ் இருக்கும். 50 வாற்ஸ் ரிவி நாளுக்கு ஐந்து மணிநேரம் ஓடினால் மாதத்துக்கு ஏழரை யூனிட். 90 வாற்ஸ் என்றால் பதின்மூன்றரை. மாத பில் 60 யூனிட்டைச் சுற்றி ஊசலாடுகிற வீட்டுக்கு இந்த ஆறு யூனிட் சின்னக் கணக்கில்லை, 60ஐத் தாண்டினால் கட்டண வகையே மாறிவிடும்.

பிறகு துளைகளை எண்ணுங்கள். எச்.டி.எம்.ஐ. துளை குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று எரிந்தால் மற்றது இருக்குமே! அவை பக்கவாட்டைப் பார்த்திருந்தால் நல்லது. நேர் பின்னால் இருந்தால், சுவரில் மாட்டியதும் வயர் மடிந்து துளை தளரும். காற்றோட்டத் துளைகள் அகலமாக இருந்தால் பல்லி குடிவரும். சிரிக்கவேண்டாம். பவர் போர்ட் என்ற மின்சுற்றுப் பலகையில் இரண்டு முனைக்குக் குறுக்கே காய்ந்து கிடக்கும் பல்லியை வருடத்துக்கு நாலைந்து தடவை குறட்டால் எடுக்கிறேன். மெல்லிய நுளம்புவலைத் துண்டைத் துளைகளின் மேல் ஒட்டிவிடுங்கள், துணியால் மூடவேண்டாம், சூடு வெளியேற வேண்டும்.

இவ்வளவும் பார்த்தபிறகு திரைக்கு வரலாம். நான் யாருக்காவது ரிவி எடுக்கப் போனால் பொக்கற்றில் ஒரு பென்டிரைவ் இருக்கும். அதில் வெறும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படம். ஒவ்வொன்றாகப் போட்டு ஓரடி தூரத்தில் நின்று பார்த்தால் செத்த புள்ளி இருந்தால் தெரிந்துவிடும். கறுப்புப் படத்தில் மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்றும் பார்ப்பேன். ஆறாவதாக வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் இரவில் நானே எடுத்த வீடியோ ஒன்று. இருட்டு வானம், கற்பூர வெளிச்சம், சனங்களின் முகங்கள். கடைக்காரர் ஓடவிடும் கிளியும் பூவும் எந்த ரிவியிலும் அழகாகத்தான் இருக்கும். இந்த இருட்டில்தான் ரிவியின் குணம் தெரியும். வானம் கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்தும், முகங்கள் செம்மண்ணில் உருண்டதுபோலவும் தெரிந்தால் முதலில் பட அமைப்பை 'வீவிட்'டிலிருந்து 'ஸ்ராண்டர்ட்'டுக்கு மாற்றச் சொல்வேன். அப்போதும் அப்படியே இருந்தால் வேறு ரிவி.

அடுத்தபடி, பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள், பிறகு தரையிலும் இருந்து பாருங்கள். எங்கள் வீடுகளில் அம்மம்மா கதிரையில், பிள்ளைகள் பாயில், மாமி குசினி வாசலில். ஐ.பி.எஸ். என்ற வகைத் திரை சரிவாகப் பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. வி.ஏ. வகையில் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் வெளிறும். ஆள் நிறைந்த வீட்டுக்கு முதலாவது. ஒலியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை: மெல்லிய ரிவியில் ஸ்பீக்கரும் மெல்லியதுதான், 'ஆயிரம் வாற்ஸ்' என்ற அச்சை நம்பவேண்டாம்.

உத்தரவாத அட்டையை அங்கேயே வாசியுங்கள். திரைக்கு எத்தனை வருடம், மற்றப் பாகங்களுக்கு எத்தனை என்று தனித்தனியாக இருக்கும். அது கொம்பனியின் உத்தரவாதமா, கடையினுடையதா? பழுதானால் கிளிநொச்சியில் கொடுக்கலாமா, கொழும்புக்கு அனுப்பவேண்டுமா, அனுப்பும் கூலி யாருடையது? பெயர் கேள்விப்படாத ரிவி பத்தாயிரம் குறைவாகக் கிடைக்கலாம். அதற்கு பல்புச் சட்டம் தேடி நான் மூன்று நகரத்துக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறேன். திரை உடைந்தால் கதை முடிந்தது. புதுத் திரையின் விலை புது ரிவியின் விலையை எட்டிப்பிடிக்கும்.

தவணை விடயத்தில் நான் கொஞ்சம் கோபக்காரன். கைக்காசுக்கு 60,000 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 3,900 வீதம் 24 மாதம் கட்டினால் 93,600. அந்த 33,600 ரூபாயில் டிஷ் பெட்டியை மாற்றி, திடீர் மின் ஏற்றத்தைத் தடுக்கும் சேர்ஜ் பாதுகாப்புள்ள பிளக்கும் வாங்கி, மிச்சத்தில் பிள்ளைக்குச் சைக்கிளும் பார்க்கலாம். ஒரு போகம் பொறுங்கள். சித்திரைக்கும் தைக்கும் கடைகள் விலை குறைப்பது வழக்கம்.

கொண்டுவரும்போது ரிவியை நிமிர்த்தித்தான் வைக்கவேண்டும். லாண்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் படுக்கவைத்து, மேலே உரமூடையைச் சாய்த்துக் கொண்டுவந்த ஒருவரின் திரையில் சிலந்திவலை மாதிரி வெடிப்பு விழுந்திருந்தது. அந்த ரிவியை அவர் ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. துடைப்பதற்கு உலர்ந்த மெல்லிய துணி போதும். தண்ணீர் தெளித்தால் அது வழிந்து கீழ்விளிம்புக்குள் இறங்கி, அங்குள்ள நுண்ணிய இணைப்புகளைத் தின்றுவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய எதிரி இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் வானம் கறுத்தால் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு இருக்கவேண்டாம். பிளக்கைக் கழற்றுங்கள், டிஷ்ஷிலிருந்து வரும் வயரையும் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றியவர் வீட்டிலும் டிஷ் வயர் வழியாக வந்து, பெட்டியைப் பொசுக்கி, எச்.டி.எம்.ஐ. துளையைக் கரியாக்கிய மின்னல்களைப் பார்த்திருக்கிறேன். இடி தொடங்கியபிறகு வயரைத் தொடவேண்டாம், அதற்கு முதலே கழற்றுங்கள். கரண்ட் போய்வந்தாலும் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

ஐயாவின் ரிவிக்கு மூன்று பல்புச் சட்டமும் மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை அடுத்த மாதம் போகும். பின்ஒளி நூறில் இருந்தது. அறுபதுக்கு இறக்கிக் கொடுத்தேன். "மங்கலாக இருக்கிறதே தம்பி" என்றார். "இரண்டு நாள் பாருங்கள், கண் பழகிவிடும்" என்றேன். மூன்றாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். படம் பரவாயில்லையாம், டிஷ் வயரை எந்தப் பக்கம் திருகினால் கழரும் என்று கேட்டார். விசுவமடுவில் வானம் கறுக்கிறதாம்.