ஞானப்பல் வலி நின்றுவிட்டதா? அங்கேதான் தவறு தொடங்குகிறது

மாறாமலைக் கிராம்பு விளையும் குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டமானாலும் களியக்காவிளையானாலும், கடைவாய் வலித்தால் கை முதலில் போவது கிராம்புக்குத்தான். அதிலுள்ள யூஜினால் என்ற பொருள் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும், உண்மைதான். ஆனால் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து இரவு முழுக்க ஒதுக்கி வைத்தால் ஈறு வெந்துபோகும். வலி மாத்திரையை விழுங்காமல் பல்லோரம் அடக்கிக்கொள்வதும் அதே புண்ணைத்தான் தரும்.

இதைவிடப் பெரிய தவறு, வலி நின்றதும் பல் சரியாகிவிட்டதாக நினைப்பது. வரிசையில் கடைசிக் கடைவாய்ப்பல்லான ஞானப்பல் பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும். தாடையில் இடம் போதாவிட்டால் சாய்ந்து, முன்னாலிருக்கும் இரண்டாம் கடைவாய்ப்பல்லின் முதுகில் முட்டி நின்றுவிடும். பாதி முளைத்த பல்லை ஈறு ஒரு மடல் போல மூடியிருக்கும். மரச்சீனி நாரோ மீன் துணுக்கோ அதற்கடியில் புகுந்தால் பிரஷ் எட்டாது. கிருமி பெருகி மடல் வீங்கும். மேல்பல் அந்த வீக்கத்தையே கடிக்கும். ஆன்டிபயாடிக்கில் வீக்கம் வற்றும், மடலும் இடுக்கும் அப்படியே இருக்கும். அதனால்தான் சில மாதத்தில் திரும்ப வருகிறது. அதற்குள் முட்டும் இடத்தில் முன்னால் உள்ள பல் சத்தமில்லாமல் சொத்தையாகும், கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது. ஞானப்பல் போனால் மெல்லுவதற்குக் குறையில்லை. அந்த இரண்டாம் கடைவாய்ப்பல் போனால் பெரிய இழப்பு.

வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காமல், காய்ச்சலோடு வீக்கம் கழுத்துக்கு இறங்கினால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எக்ஸ்ரே இல்லாமல் "பிடுங்கிவிடுங்கள் டாக்டர்" என்று அவசரப்படுத்துவதும் தவறு. கீழ்த்தாடையில் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு வேரை ஒட்டியே ஓடும். தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே படத்தில் அந்த நெருக்கம் தெரியும். தொந்தரவே தராமல் எலும்புக்குள் புதைந்திருக்கும் பல்லை எடுக்காமல் கண்காணிப்பதும் உண்டு. முன்வரிசைப் பல் நெருக்கியடிக்கும் என்ற பயத்துக்காக எடுக்க வேண்டியதில்லை.

எடுத்த பிறகு குழியில் உறையும் ரத்தம்தான் புண்ணுக்கு மூடி. பஞ்சை அரைமணி நேரமாவது கடித்தபடி இருங்கள். அடிக்கடி துப்புவது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது, பீடி, சிகரெட் எல்லாம் அந்த உறைவைப் பெயர்த்துவிடும். முதல் நாள் சூடான கட்டன்சாயாவும் வேண்டாம். ஆறின கஞ்சி போதும். வெளியே ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். 24 மணி நேரம் கழித்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, கொப்பளிக்காமல் மெதுவாக வாயில் உருட்டி விடுங்கள். ஏத்தங்காய் சிப்ஸ் ஒரு வாரம் கழித்துச் சாப்பிடலாம்.

இரண்டு, மூன்று நாளில் குறைய வேண்டிய வலி கூடி, காதுவரை ஏறி, வாய் நாறினால் உறைவு பெயர்ந்திருக்கலாம். மாத்திரையைக் கூட்டாமல் பல் எடுத்த மருத்துவரிடமே திரும்பப் போங்கள். குழியைக் கழுவி மருந்து வைப்பார்.