பெரிய படக் கோப்புகளை டேப்லெட்டில் தெளிவாகப் பார்க்க

20,000 × 15,000 பிக்சல் கொண்ட நிலவரைபடம் ஒன்று ஜேபெக் கோப்பாக 40 எம்பி மட்டுமே இருந்தாலும், அதை முழுமையாகத் திறக்க, பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஏறத்தாழ 1.2 ஜிபி நினைவகம் தேவைப்படுகிறது. அதனால் பல செயலிகள் படத்தைச் சுருக்கியே காட்டுகின்றன; விரல்களால் எவ்வளவு பெரிதாக்கினாலும் தெருப்பெயர்கள் மங்கலாகவே தெரியும். கோப்பில் குறை ஏதுமில்லை.

கணினியில் லிப்விப்ஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு படத்தைப் பல உருப்பெருக்க நிலைகளில் சிறு சதுரத் துண்டுகளாகப் பிரித்து, ஓப்பன்சீட்ராகன் என்னும் படம் காட்டும் நிரல் வழியாக உலாவியில் திறந்தால், திரையில் தெரியும் பகுதிக்குரிய துண்டுகள் மட்டுமே ஏற்றப்படுவதால், மிகச் சிறிய எழுத்தும் கூர்மையாகத் தெரியும். சற்று வேலை பிடிக்கும்; ஆனால் ஒரே படத்தை அடிக்கடி பார்ப்பவர்களுக்கு இதையே பரிந்துரைக்கிறேன்.

கட்டட வரைபடம் போலக் கோடுகளால் ஆனவற்றை, வரைந்தவரிடமிருந்து வெக்டர் பிடிஎஃப் ஆகவே கேட்டுப் பெறுங்கள்; அதில் படம் பிக்சல்களாக அல்லாமல் கோடுகளாகவே சேமிக்கப்படுவதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது.