அல்லி பூக்காமல் இலையாகவே தள்ளினால்

குளத்துத் தொட்டியில் இருந்த அல்லி மொட்டே விடாமல், இலைகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நெருக்கியடித்து நின்றது. உரக்குறை போலத் தோன்றும். உண்மையில் கிழங்குக்கு இடமில்லை. வெளியே எடுத்து, அழுகிய பகுதியை (கொழகொழவென்று நாறும்) வெட்டிவிட்டு, குருத்துள்ள விரல் நீளத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மறுபடி நடும் தொட்டிக்கு ஆழத்தைவிட அகலம் முக்கியம்: வாய் 40 செ.மீ. இருக்கட்டும். களிமண்தான் சரி, தென்னைநார்க் கழிவு மிதக்கும், மட்கு கலந்தால் தண்ணீர் பச்சையாகும். படரும் கிழங்கு வகையை விளிம்போரம் சாய்த்து, குருத்து நடுவை நோக்கி, மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். புதைந்தால் குருத்து அழுகிவிடும். உர வில்லைகளை ஆழமாக அழுத்தி, மேலே 2 செ.மீ. கூழாங்கல் பரப்பினேன், இல்லாவிட்டால் மீன் கிளறிவிடும்.

முதலில் தொட்டியைக் குளத்துக்குள் செங்கல்மேல் வைத்து, குருத்துக்கு மேல் 15 செ.மீ. நீர், இலைகள் மிதந்ததும் 40 செ.மீ. வரை இறக்கலாம். வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். நீரூற்றுப் பக்கம் வைக்கவே கூடாது.