பழைய ஸ்டீல் சைக்கிளைச் செம்மண் பாதைக்குத் தயார் செய்வது

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையிலோ பழைய இரும்புக் கடையிலோ 26 அங்குல சக்கரத்துக்கான ஸ்டீல் பிரேம் கிடைத்தால் பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள், தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். சீட் குழாயிலிருந்து துரு பொடிப்பொடியாகக் கொட்டினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். கடற்கரை ஊர், உப்புக்காற்று உள்ளிருந்துதான் தின்னும். நான் வாங்கியதில் சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் கம்பி) இறுகிப்போய், மூன்று நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, சீட்டையே பிடித்துத் திருகித்தான் கழற்றினேன்.

இடது பெடலுக்கு மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும்.

டயர்தான் முக்கியம். 2 அங்குல பட்டன் டயரை (மேலே குமிழ் குமிழாக இருப்பது) போட்டு, இரண்டு பக்கமும் டயருக்கும் பிரேமுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி நுழைகிறதா பாருங்கள், இல்லையென்றால் மழைநாளில் ஆரோவில் பக்கச் செம்மண் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. காற்று 35 பிஎஸ்ஐ போதும், கல்லு மாதிரி அடிக்க வேண்டாம். ஸ்டீல் ரிம் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது, அலுமினிய ரிம்முக்கு மாறிவிடுங்கள். கியர்? முன்னால் 32 பல், பின்னால் 18, அது ஒன்றே போதும், இங்கே என்ன மலையா இருக்கிறது! அப்புறம், இதையெல்லாம் பூட்டுவதற்கு முன்பே, உள்ளே துரு ஏறாமலிருக்க, பிரேமுக்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுழற்றி, ஒரு ராத்திரி வடியவிடுங்கள்.