கட்சிக்காரங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி பாலியல் புகார் குடுக்குறது எப்படி

நம்ம வட சென்னைல ஒரு பொண்ணுக்கு ஏதாவது நடந்துட்டா பாதி நேரம் ஸ்டேஷனுக்கு முன்னாடி வட்டச் செயலாளருக்கு நியூஸ் போயிடும். பண்ணவன் ஆளுங்கட்சி ஆளுன்னா "பொண்ணு பேரு கெட்டுப்பூடும்மா, உக்காந்து பேசிக்கலாம்"னு வருவாங்க, எதிர்க்கட்சி காதுக்கு போச்சுன்னா மறுநாளே போஸ்டர், எலெக்ஷன் டைம்னா கேக்கவே வேணாம். அதனால மொதல்ல ஆஸ்பத்திரி, அடுத்து எஃப்ஐஆர், கட்சிக்காரன் எந்தக் கொடியா இருந்தாலும் கடைசில தான்.

ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. எஃப்ஐஆர் கொண்டா அப்புறம் பாக்குறோம்னு எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக்கூடாது, பிரைவேட்டா இருந்தாலும் ஃப்ரீயா தான் பாக்கணும், பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்கு பதிலா வந்த குற்ற நடைமுறைச் சட்டம்) 397வது பிரிவு அதைத் தான் சொல்லுது. குளிக்காம, போட்டிருந்த துணியை துவைக்காம, பிளாஸ்டிக் கவர்ல இல்லாம பேப்பர்ல சுத்தி எடுத்துட்டு போங்க.

உங்க ஏரியா இன்ஸ்பெக்டரும் கவுன்சிலரும் தோஸ்துன்னு தோணுச்சா, அங்க போகவே தேவையில்ல. ஜீரோ எஃப்ஐஆர் இருக்கு, காசிமேட்டுல நடந்ததுக்கு மயிலாப்பூர்ல கூட குடுக்கலாம், அவங்க எழுதி இங்க மாத்தி விடணும். பொண்ணு சொல்றதை லேடி போலீஸ் தான் எழுதணும். ரேப் கேஸ்ல வாக்குமூலத்தை அவ வீட்டுலயோ அவ சொல்ற இடத்துலயோ வந்து தான் எடுக்கணும். புகாரை வாங்கிக்கிட்டோம்னு மட்டும் சொல்ற வெறும் சிஎஸ்ஆர் ரசீதைக் குடுத்து அனுப்பப் பாப்பாங்க, வாங்கிட்டு வந்துடாதீங்க, எஃப்ஐஆர் காப்பி ஃப்ரீயா குடுக்கணும். ரேப் புகாரை பதிவு பண்ணாத போலீஸ்காரருக்கே பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்கு பதிலா வந்த தண்டனைச் சட்டம்) 199ல கொறைஞ்சது 6 மாசம் ஜெயில். அப்பவும் மறுத்தா டெபுடி கமிஷனருக்கு தபால்ல புகார், அதுக்கப்புறம் மாஜிஸ்திரேட். வக்கீலுக்கு காசு இல்லன்னா 15100க்கு அடிங்க, பொண்ணுங்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு.

ஏன் இவ்ளோ இழுக்குறாங்கன்னா, கேஸ் நம்பர் கூடினா சட்டம் ஒழுங்கு கெட்டுப்போச்சுன்னு சட்டசபைல கத்துவாங்க, அந்த பிரஷர் நேரா ஸ்டேஷன் ரைட்டர் தலைல தான் விடியும். ஆனா நம்பர் கூடுறது எப்பவும் கெட்டது இல்லங்க. 2012ல நாடு முழுக்க 24,923 ரேப் கேஸ் பதிவாச்சு, 2012 டிசம்பர் டெல்லி பஸ் கூட்டு பலாத்கார சம்பவம், போராட்டம், சட்டத் திருத்தம் எல்லாம் வந்தப்புறம் 2013ல 33,707. ஒரே வருஷத்துல ஆம்பளைங்க அவ்ளோ மோசமாயிட்டாங்களா என்ன, பேசுற தைரியம் வந்துச்சு, போலீசும் எழுதித் தான் ஆகணும்னு ஆச்சு.

அந்த தைரியத்தை ஒடைக்குறது பேரு வெளிய போறது. 2024 டிசம்பர் அண்ணா யுனிவர்சிட்டி கேஸ்ல மாணவியோட விவரத்தோட எஃப்ஐஆரே நெட்ல வந்துடுச்சு, வெளிய கட்சிங்க ஒண்ணை ஒண்ணு திட்டிட்டு இருந்தாங்க. ஹைகோர்ட் பெண் ஐபிஎஸ் அதிகாரிங்களை வச்சு தனி டீம் போட்டு, 25 லட்சம் இடைக்கால நஷ்டஈடும் குடுக்கச் சொல்லுச்சு, 2025 ஜூன்ல குத்தவாளிக்கு கொறைஞ்சது 30 வருஷம் உள்ள இருக்கணும்னு ஆயுள் தண்டனை. அதனால உங்களுக்கு சப்போர்ட்டா வர்ற கட்சிக்காரனா இருந்தாலும் எஃப்ஐஆரை வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க, பேரை வெளியிட்டா 2 வருஷம் வரைக்கும் ஜெயில்.

கொழந்தைன்னா 1098 ஹெல்ப்லைனுக்கு அடிங்க. போக்சோல (கொழந்தைங்களை பாலியல் குற்றத்துல இருந்து காப்பாத்துற சட்டம்) விஷயம் தெரிஞ்ச யாரா இருந்தாலும் புகார் குடுத்தே ஆகணும், மறைச்சா 6 மாசம் வரைக்கும் உள்ள போகலாம். பஞ்சாயத்து பேச வர்ற அண்ணன் கிட்ட இதை மட்டும் சொல்லிப் பாருங்க, "நீங்க பேசி முடிச்சா உங்க மேலயும் கேஸ் வரும்ணே".