பிடித்ததைச் சேர்த்து வைக்க, பகிர

போனில் நானூறு ஸ்கிரீன்ஷாட் கிடந்தால் அது சேகரிப்பு ஆகாது, குப்பைதான். முதலில் கூகுள் டிரைவில் ஒரு ஷீட் திறந்து, என்ன, யார் செய்தது, எங்கே கிடைத்தது, ஏன் பிடித்தது என்று நாலு கட்டம் போடுங்கள். அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள்.

படத்துக்குப் பெயர் வைப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பத்தை எடுத்தால் ‘கிருஷ்ணாபுரம்-குறவன்-இடதுபக்கம்-2024’ என்று அப்போதே மாற்றிவிடுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது, எனக்கு நடந்ததில்லை.

அப்புறம் கேசட். கோயில் கொடை விழாவில் பதிவு செய்த வில்லுப்பாட்டு பரணில் கிடந்தால், முதலில் இரண்டு பக்கமும் ஒருமுறை முழுக்க ஓட்டி நாடாவைத் தளர்த்துங்கள், பிளேயரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள், பிறகு ஹெட்போன் துளையிலிருந்து லைன்-இன் (ஒலியை உள்ளே வாங்கும் துளை) உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு வழியாக லேப்டாப்புக்கு வயர் கொடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்யுங்கள். வில்லுப்பாட்டுக் குடம் அதிரும் இடத்தில் ஒலி அளவு காட்டும் மீட்டர் சிவப்பைத் தொடக்கூடாது. மூலப் பிரதியை வேவ் (WAV) கோப்பாக வையுங்கள், பகிர எம்பி3.

பகிரும் முன் பாடியவரிடம், அவர் இல்லையென்றால் வீட்டாரிடம் கேளுங்கள். புத்தகத்துக்குக் கணக்கு எளிது: எழுதியவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் காப்புரிமை. புதுமைப்பித்தன் 1948-ல் இறந்தார், அதனால் அவர் கதைகளைத் தாராளமாகப் பகிரலாம். நேற்று வந்த நாவலின் பிடிஎஃப் வேண்டாம். அட்டைப்படமும் நாலு வரி அபிப்பிராயமும் போதும்.