காணொளி நேர்காணல்: வரிவரியாக நகரும் கண்கள்

ஆள் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்து சில ஆண்டுகள் ஆகின்றன. வாரம் நான்கைந்து பேரையாவது திரையில் சந்திக்கிறேன். அவர்கள் செய்யும் தவறுகளைப் பார்க்கும்போது கோபத்தைவிடக் கூச்சம்தான் அதிகம் வருகிறது, ஏனென்றால் பாதிக்கு மேல் ஒரு காலத்தில் நானே செய்தவை.

நேரத்துக்கு வர வேண்டும், சட்டை கசங்காமல் இருக்க வேண்டும், நாய் குரைக்காத அறையாகப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் யாரும் இல்லை. தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். அதிலும் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே புலம்புவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றே சரிபார்த்துவிட்டேனே!

முந்தின நாள் செயலியைத் திறந்து, முகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மூடுவதைத்தான் பலர் சோதனை என்று நினைக்கிறார்கள். முகம் தெரியாமல் போவது அபூர்வம். குரல் கேட்காமல் போவதுதான் அன்றாடம் நடக்கிறது.

புளூடூத் இயர்போனில் பாட்டு அருமையாகக் கேட்கும். ஆனால் அதே இயர்போனின் மைக்கில் பேசத் தொடங்கியதும் பெரும்பாலான கணினிகளில் அது தொலைபேசிப் பேச்சுக்கான முறைக்கு மாறிவிடுகிறது. ஒலித்தரம் சட்டென்று இறங்கி, நீங்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல எங்களுக்குக் கேட்கிறது. உங்களுக்கு அது தெரிய வழியில்லை, உங்கள் குரல் எங்களிடம் எப்படி வந்து சேர்கிறது என்பதை நீங்கள் கேட்பதே இல்லையே. கம்பி வைத்த சாதாரண இயர்போன் போதும். அதைப் போட்டுக்கொண்டு நண்பர் ஒருவரை அழைத்து இரண்டு நிமிடம் பேசுங்கள். அந்தப் பக்கம் எப்படிக் கேட்டது என்று அவர் சொல்லட்டும்.

திரையைப் பகிரச் சொன்னதும் தடுமாறுபவர்கள் இன்னொரு ரகம். மேக் கணினியில், 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல், திரையைப் பதிவுசெய்யும் அனுமதியை அமைப்புகளுக்குள் போய்ச் செயலிக்குத் தனியாகத் தர வேண்டும். தந்ததும், செயலியை மூடித் திறந்தால்தான் அது நடைமுறைக்கு வரும் என்று கணினி சொல்லும். அதாவது நேர்காணலின் நடுவே வெளியேறி, காத்திருப்பு அறையில் நின்று, மறுபடி உள்ளே வர வேண்டும். அதற்குள் உங்கள் பதற்றம் இரண்டு மடங்காகிவிடும். முந்தின நாளே ஒருமுறை திரையைப் பகிர்ந்து பார்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

முழுத் திரையையும் பகிராதீர்கள். தேவையான சாளரத்தை மட்டும் பகிருங்கள். ஒருவர் தன் வேலையை விளக்கிக்கொண்டிருந்தபோது மூலையில் நண்பரின் செய்தி வந்து விழுந்தது: “அந்த வேலை பிடிக்கவில்லை என்றாயே, எதற்குப் போகிறாய்?” படித்தது நாங்கள் மூவர். அவர் மட்டும் கவனிக்கவில்லை.

வேறு நாட்டு நேரம்

அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். ஐரோப்பாவில் பல நாடுகள் மார்ச் கடைசி ஞாயிறன்று தள்ளும். உலகின் பெரும்பகுதி எதையும் தொடுவதில்லை. ஆக, கடிகாரம் மாறாத ஊரிலிருந்து கணக்குப் போட்டால் கோடை முழுக்க ஒரு மணி நேரம் தவறும்; அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான வித்தியாசமோ மார்ச்சில் சில வாரங்களுக்கும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரத்துக்கும் ஒரு மணி நேரம் மாறிவிடும். விரல்விட்டு எண்ணாதீர்கள். நாட்காட்டி அழைப்பை ஏற்றுக்கொண்டு, அது காட்டும் நேரத்தை நம்புங்கள்.

திரையைப் பார்த்து வாசிப்பது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

கேள்வி கேட்பேன். ஐந்தாறு நொடி மௌனம். “நல்ல கேள்வி” என்பார். கண்கள் கேமராவுக்குச் சற்றுக் கீழே ஓரிடத்தில் போய் நிற்கும். பிறகு இடமிருந்து வலமாக மெல்ல நகரும், வரி முடிந்ததும் விருட்டென்று இடது ஓரத்துக்குத் தாவும். தறியில் நாடா ஓடுவதுபோல இருக்கும். மூக்குக்கண்ணாடி அணிந்தவராக இருந்தால் எங்களுக்கு இன்னும் வசதி. இரண்டு கண்ணாடிச் சில்லுகளிலும் வெள்ளைப் பக்கம் ஒன்று பளிச்சென்று தெரியும். அவர் பக்கத்தை உருட்ட உருட்ட அங்கும் அது உருளும்.

முன்பெல்லாம் தாங்களே எழுதி வைத்ததை வாசித்தார்கள். இப்போது கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் செயற்கை நுண்ணறிவு எழுதித் தருவதை வாசிக்கிறார்கள். எழுதியது யாராக இருந்தாலும் வாசிக்கும் குரல் ஒரே மாதிரிதான். பேசுகிற மனிதர் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், பாதியில் விடுவார், வேறு வழியில் முடிப்பார். வாசிப்பவர் தடம் மாறுவதே இல்லை. “முதலாவதாக” என்று தொடங்கினால் “மூன்றாவதாக” வரை போய்த்தான் மூச்சு விடுவார்.

இணைப்பு மெதுவாக இருந்தது என்று சமாளிக்கலாம் என நினைக்காதீர்கள். இணைப்பு மந்தமென்றால் எல்லாப் பதிலும்தான் தாமதமாக வரும். “நான் பேசுவது கேட்கிறதா?” என்றால் உடனே “கேட்கிறது” என்கிறார். “போன வேலையில் உங்களால் நேர்ந்த ஒரு தவறைச் சொல்லுங்கள்” என்றால் ஆறு நொடி ஆகிறது. பாவம், இணைப்பு என்ன செய்யும்? யோசிக்கவும் ஆறு நொடி ஆகலாம், அதை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் யோசிப்பவரின் கண் கூரையிலும் சுவரிலும் அலையும். வரிவரியாக நகராது.

அப்படி ஒருவரைப் பார்த்தால் அவருடைய பதிலுக்குள்ளிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பேன். “மூன்று வழிகள் சொன்னீர்களே, அதில் ஒன்றைக் கைவிட வேண்டுமென்றால் எதைக் கைவிடுவீர்கள்?” முகம் வெளிறிவிடும். சற்றுமுன் சொன்ன மூன்றும் எவை என்பதே அவருக்கு நினைவிருக்காது.

இவர்களில் பலருக்கு விஷயம் நன்றாகவே தெரியும் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஒருவர் இப்படி வாசித்துக்கொண்டே இருந்தார். நாங்கள் மனத்துக்குள் ஏறக்குறைய அவரைக் கழித்துக்கட்டிவிட்டோம். திடீரென்று மின்சாரம் போய் அவருடைய மேசைக்கணினி அணைந்தது. கைப்பேசி வழியாகத் திரும்ப வந்தார். குறிப்புகள் கணினியிலேயே மாட்டிக்கொண்டுவிட்டன. முதல் இரண்டு பதில்களில் திணறினார். அதன் பிறகு தான் கட்டிய ஒரு கணக்கு முறை ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஏன் நின்றுபோனது, அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தார். அந்த இருபது நிமிடப் பேச்சுதான் அவருக்கு வேலை வாங்கித் தந்தது. எல்லோருக்கும் சரியான நேரத்தில் மின்சாரம் போவதில்லை.

இவ்வளவு பேசும் நான் மட்டும் யோக்கியனா? என் முதல் காணொளி நேர்காணலுக்குத் திரையைச் சுற்றிப் 14 துண்டுச் சீட்டுகளை ஒட்டி வைத்திருந்தேன். “எங்கள் நிறுவனத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்று கேட்டார்கள். வலது மேல் மூலைச் சீட்டைப் பார்த்து, அவர்களுடைய தயாரிப்பு ஒன்றை மனமார வியந்து பேசினேன். இரண்டு அதிகாரிகளில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். மற்றவர் மிகவும் மரியாதையாக, “அது எங்கள் போட்டியாளருடையது” என்றார். அந்தச் சீட்டு முந்தின வாரம் வேறு ஒரு நேர்காணலுக்காக எழுதியது, கிழித்துப் போட மறந்திருந்தேன். மிச்சமிருந்த அரை மணி நேரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.

குறிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு தாள் போதும். உங்கள் வேலையில் நடந்த ஐந்து நிகழ்வுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு சொற்கள் மட்டும் எழுதுங்கள்: எந்த வேலை, என்ன கெட்டது, நீங்கள் செய்தது என்ன, கடைசியில் வந்த எண் எவ்வளவு. முழு வாக்கியம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் கண் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நிகழ்வையும் வாய்விட்டு மூன்று முறை, மூன்று விதமாகச் சொல்லிப் பாருங்கள். நேர்காணலில் எண் மறந்துவிட்டால் “குறிப்பைப் பார்த்துச் சொல்கிறேன்” என்று வெளிப்படையாகக் குனிந்து பாருங்கள். அதற்காக யாரையும் நாங்கள் நிராகரித்ததில்லை.

குறுக்கே பேசுவது

நேரில் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிவினாடி அளவில்தான் இருக்கும். இணையத்தில் குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச்சேர ஆகும் நேரம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. போக வர இரண்டையும் கூட்டினால் அதுவே 300. ஆகையால் எவ்வளவு நல்ல இணைப்பிலும் இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, “நீங்கள் சொல்லுங்கள்”, “இல்லை, நீங்கள்” என்று மாறி மாறி உபசரித்துக்கொள்வது நடக்கும். அவர் முடித்ததும் மனத்துக்குள் ஒன்று எண்ணிவிட்டுத் தொடங்குங்கள். மூச்சுவிடாமல் ஐந்து நிமிடம் பேசவும் வேண்டாம். இடையில் கேள்வி கேட்க நான் வாயைத் திறப்பது உங்களுக்குத் தெரிவதே இல்லை.

வெளிச்சம்

ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கேமரா ஜன்னலைத்தான் நன்றாகக் காட்டும். திரும்பி உட்காருங்கள்.

பின்னணிப் படம்

கடற்கரை வேண்டாம். காது மறைந்து மறைந்து தெரிகிறது.

உங்கள் முகத்தையே பார்ப்பது

உங்கள் படத்தை உங்களுக்கு மட்டும் மறைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. சட்டகத்தைச் சரிசெய்தபின் மறைத்துவிடுங்கள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டே பணியனுபவத்தைச் சொல்ல முடியாது.

முடிந்துவிட்டது என்று நினைப்பது

“நன்றி, வணக்கம்” என்றதும் லேப்டாப்பைப் பாதி மூடிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். பாதி மூடிய லேப்டாப்பில் மைக் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். வெளியேறும் பொத்தானை அழுத்துங்கள், சாளரம் மறைந்ததா என்று பாருங்கள், அப்புறம் பேசுங்கள். ஒருவர் எங்களிடம் மிகப் பணிவாக விடைபெற்றார். படம் ஏதோ மேசை விளிம்பைக் காட்டியது. அடுத்த நொடியே, “அம்மா, முடிந்தது! இரண்டு பேரும் தூங்கி வழிகிறார்கள்” என்ற குரல் தெளிவாகக் கேட்டது. கம்பி இயர்போன், நல்ல மைக். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கு அது எங்களுக்கு ஆறாவது நேர்காணல், நான் அப்போதுதான் ஒரு கொட்டாவியை அடக்கியிருந்தேன்.